ஒரே எழுத்து, வேறு கோயில்: ஆங்கில வார்த்தை பிடிபடாதபோது எங்கே பார்ப்பது

காரைக்குடியில் மாலை வேளையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் கலவையான கூட்டம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், பாலிடெக்னிக் மாணவர்கள், பழம்பொருள் கடையில் நிற்கிறவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை விருந்தினருக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள். வயதும் தேவையும் எப்படி இருந்தாலும், தெரியாத ஆங்கில வார்த்தை எதிரே வந்தால் எல்லோரும் ஒன்றைத்தான் செய்கிறார்கள்: அதற்குள் தெரிந்த துண்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்' மூன்றிலும் 'போர்ட்' இருக்கிறது. லத்தீனில் அதற்குச் சுமந்து செல்வது என்று பொருள். வெளியே சுமப்பது ஏற்றுமதி, உள்ளே சுமப்பது இறக்குமதி, அக்கரைக்குச் சுமப்பது போக்குவரத்து. இது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் சில இடங்களில் இதுவே காலை வாரிவிடும். அந்த இடங்களுக்காகத்தான் இந்த வழிமுறை. உங்கள் கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் இரண்டு அண்ணாமலை இருந்தால், பெயர் ஒன்று என்பதற்காக யாரும் உறவு கொண்டாடுவதில்லை. "எந்தக் கோயில்?" என்றுதான் கேட்பார்கள். இளையாற்றங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, பிள்ளையார்பட்டியா என்று நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின், ஒன்பது கோயில்களில் எது எனத் தெரிந்த பிறகுதான் பங்காளியா, சம்பந்தம் பேசலாமா என்ற பேச்சே வரும். ஆங்கில வார்த்தையிடமும் இதையே கேளுங்கள். அங்கே பெரிய கோயில்கள் மூன்று: லத்தீன், கிரேக்கம், பழைய ஆங்கிலம். லத்தீன்காரர்களில் நிறையப் பேர் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தவர்கள்.

கோளாறு: துண்டு தெரிகிறது, அர்த்தம் ஒட்டவில்லை

எம்-ஓ-ஆர்-டி என்ற நான்கு எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'மார்ட்டல்' என்றால் சாகக்கூடியது. 'இம்மார்ட்டல்' என்றால் சாவில்லாதது. 'மார்ச்சுவரி' என்றால் பிணவறை. இதுவரை ஒரே வீட்டு ஆட்கள், லத்தீனில் சாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவர்கள். அப்புறம் 'மார்கேஜ்' வருகிறது. எழுத்தில் டி உண்டு, உச்சரிப்பில் இல்லை. பொருள் அடமானம். கடைசியில் 'மார்ட்டர்' வருகிறது. கொத்தனார் குழைக்கும் காரை. கட்டடவியல் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து, "டீச்சர், சுவருக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள்.

முதல் சோதனை இது. துண்டைக் கழற்றிவிட்டு, மிச்சம் இருப்பது தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். 'மார்கேஜ்'-இல் மிச்சம் 'கேஜ்'. பழைய பிரெஞ்சில் அதற்கு ஈடு, பிணை என்று பொருள். 'எங்கேஜ்' என்ற வார்த்தையிலும் அதே ஆள்தான் இருக்கிறார். ஆகவே மிச்சம் நிற்கிறது. மார்கேஜ் என்றால் செத்த ஈடு. கடனைக் கட்டாவிட்டால் ஈடு கடன்பட்டவருக்குச் செத்துப்போகும், கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்துப்போகும் என்று 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி எட்வர்ட் கோக் விளக்கம் எழுதினார். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. கெடு தாண்டிய நகையை நாம் 'மூழ்கிப்போச்சு' என்கிறோம். அவர்கள் செத்தது என்கிறார்கள், நாம் மூழ்கியது என்கிறோம், நகை திரும்பி வராதது என்னவோ ஒன்றுதான். 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழுந்து, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போய், கீழ் பர்மாவின் வயல்கள் ஏராளமாகச் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. அந்த ஊர்ப் பத்திரங்களின் ஆங்கிலத்தை இன்று படிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையாவது அடி முதல் நுனி வரை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

'மார்ட்டர்' இந்தச் சோதனையில் நிற்காது. நான்கு எழுத்தைக் கழற்றினால் மிச்சம் ஏ-ஆர். அதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. தமிழிலும் இப்படி உண்டு. 'தலைவன்', 'தலைநகர்', 'தலையணை' மூன்றிலும் தலை இருக்கிறது. 'விடுதலை'யிலும் அதே எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் அங்கே தலை இல்லை. 'விடு' என்பதோடு ஒட்டிக்கொண்ட விகுதி அது. மிச்சம் நிற்கவில்லையென்றால் துண்டை விட்டுவிட்டு முழு வார்த்தையையும் ஒரே பொருளாகப் பாருங்கள்.

முழுதாகப் பார்த்தால், லத்தீனில் 'மார்ட்டேரியம்' என்றால் உரல். பொருளை இட்டு இடிக்கிற, கலக்கிற குழிந்த பாத்திரம். அதில் கலந்து எடுத்த கலவைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு பழைய வீட்டுச் சுவரருகே நின்று புரிந்துகொள்வது எளிது. வளவைச் சுற்றியுள்ள அந்த வழுவழுப்பான சுவரில் கையை வைத்துப் பாருங்கள். சித்திரை மாதத்து மத்தியானத்திலும் சில்லென்று இருக்கும், கிட்டப் போனால் முகம் மங்கலாகத் தெரியும். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எல்லாம் சேர்த்துத் திரும்பத் திரும்ப அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த வேலை அது. அந்தக் கலவையின் தரம் முழுக்க அரைப்பில் இருக்கிறது. அரைக்கிற பாத்திரத்தின் பெயரே அரைத்த பொருளுக்கும் ஆனதில் அதிசயமே இல்லை.

இது தெரிந்தால் 'மார்ட்டர்' என்ற வார்த்தையின் மூன்று அர்த்தமும் ஒரே இழையில் வந்துவிடும். ஆங்கிலச் சமையல் புத்தகம் மிளகு சீரகம் இடிக்கச் சொல்லும் உரல், கொத்தனாரின் காரை, ராணுவம் குண்டு வீசும் குட்டையான பீரங்கி. கடைசியது வாய் அகன்று உரல் போல இருந்ததால் அந்தப் பெயர் பெற்றது. குண்டு வீசி ஆள் சாவதால் அந்தப் பெயர் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோளாறு: ஒரே எழுத்துக்கூட்டு, இரண்டு வேறு அர்த்தம்

'எலக்‌ஷன்' என்றால் தேர்தல். 'எலக்ட்ரிக்' என்றால் மின்சாரம் சார்ந்தது. முதல் ஐந்து எழுத்தும் அச்சாக ஒன்று. காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இந்த ஜோடி தினமும் கண்ணில் படும். இங்கேதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நாம் சிக்ரி என்று சொல்வது. அதன் முழு ஆங்கிலப் பெயரில் 'எலக்ட்ரோ' உண்டு. தேர்தல் நேரத்துச் சுவரில் 'எலக்ட்' உண்டு.

இரண்டுக்கும் கோயில் வேறு. தேர்தல் லத்தீன்காரர்: பலவற்றிலிருந்து பொறுக்கி எடுப்பது. 'செலக்ட்', 'கலெக்ட்' இரண்டும் அவருக்குப் பங்காளிகள். நம் மாவட்ட ஆட்சியர், அதாவது கலெக்டர், அந்த வகையில் எலக்‌ஷனுக்கு நெருங்கிய சொந்தம். மின்சாரமோ கிரேக்கர். 'எலக்ட்ரான்' என்றால் கிரேக்கத்தில் அம்பர். மரப்பிசின் காலப்போக்கில் கெட்டிப்பட்டு மஞ்சள் மணியாக ஆனது. அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பது பழைய கிரேக்கர்களுக்கே தெரியும். 1600-ல் காந்தத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட், இப்படி இழுக்கும் பொருள்களை லத்தீனில் 'அம்பர் போன்றவை' என்று குறித்தார். இன்று நம் வீட்டு மின்கட்டண ரசீது வரைக்கும் வந்திருப்பது அந்தப் பெயர்தான்.

இங்கே இரண்டாவது சோதனை: பங்காளிகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். புது வார்த்தையோடு 'செலக்ட்', 'கலெக்ட்' வந்து நிற்க முடிகிறதா, அல்லது 'எலக்ட்ரானிக்' வந்து நிற்கிறதா? யார் பக்கத்தில் வந்தால் அர்த்தம் கெடாமல் இருக்கிறதோ, அந்த வீடு.

இதே கோளாறில் இன்னொரு ஜோடி பி-இ-டி. 'பெடல்' காலால் மிதிப்பது, 'பெடஸ்ட்ரியன்' நடந்து போகிறவர், 'பெடிக்யூர்' கால் பராமரிப்பு, நம் வீட்டுப் 'பெடஸ்டல்' ஃபேன் கால் வைத்து நிற்பது. எல்லாம் லத்தீன் கால். அப்படியானால் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற பலகையைப் பார்த்துக் கால் வைத்தியம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் அது குழந்தை மருத்துவம். இங்கே வருவது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் சொல்.

கண்டுபிடிக்க இரண்டு வழி. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் குழந்தைக்குரிய வார்த்தையில் பி-க்கு அடுத்து ஏ-இ என்று இரண்டு எழுத்து வரும், காலுக்கு இ மட்டும்தான். நம் ஊர்ப் பலகைகளில் இரண்டு விதமும் பார்க்கலாம், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாவது வழி திடமானது: மிச்சத்தின் கோயிலைப் பாருங்கள். 'இயாட்ரி' என்றால் கிரேக்கத்தில் வைத்தியம். 'சைக்கியாட்ரி'யில் மனதுக்கு வைத்தியம் செய்வதும் அதுவே. கிரேக்கத் துண்டு பெரும்பாலும் கிரேக்கத் துண்டோடுதான் சேரும். கலப்பும் உண்டு. 'டெலிவிஷன்'-இல் முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். இருந்தாலும் முதல் ஊகத்துக்கு இந்த விதி போதும்.

கோளாறு: 'இன்' வந்தும் 'இல்லை' என்ற அர்த்தம் வரவில்லை

சரி, இது ஆபத்தான கோளாறு. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது, 'இன்கம்ப்ளீட்' என்றால் முழுமையடையாதது. அப்படியானால் இன்ஃப்ளேமபிள் தீப்பிடிக்காதது என்றல்லவா வரவேண்டும்? வராது. அது சட்டென்று தீப்பற்றக்கூடியது. இங்கே இருக்கும் 'இன்' மறுப்பு 'இன்' இல்லை, உள்ளே என்று பொருள் தரும் வேறு 'இன்'. தீயை உள்ளே ஏற்றுவது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல, ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கும் வந்தது. அதனால் 1920-களில் அமெரிக்காவில் தீத்தடுப்புத் துறையினர் 'இன்'னை எடுத்துவிட்டு 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வலியுறுத்தினார்கள். இன்று இரண்டுக்கும் ஒரே பொருள்தான். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. இதில் ஊகம் வேண்டவே வேண்டாம், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

வீடு சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு இதே பிரிவில் இரண்டு வார்த்தை முக்கியம். முகப்பிலுள்ள பர்மாத் தேக்குத் தூணைக் காட்டி, விலைமதிப்பற்றது என்று சொல்ல நினைத்து, 'அற்ற' என்பதை அப்படியே மாற்றி 'வேல்யூலெஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு ஒன்றுக்கும் உதவாதது என்று பொருள். விலை சொல்ல முடியாத அளவு உயர்ந்தது என்பதற்கு 'பிரைஸ்லெஸ்' அல்லது 'இன்வேல்யுவபிள்'. இரண்டாவது வார்த்தையில் 'இன்' மறுப்புத்தான், ஆனால் அது மறுப்பது மதிப்பை அல்ல, மதிப்பிட முடியும் என்பதை. இன்னொன்று 'இன்ஃபேமஸ்'. அதிகம் பேருக்குத் தெரியாத ஊர் என்று சொல்ல இதை எடுத்தால் வம்பு. கெட்ட பெயர் எடுத்தது என்று அர்த்தம். 'லெஸ்ஸர் நோன்' என்று சொல்லுங்கள், விருந்தினர் முகம் சுளிக்க மாட்டார்.

கோளாறு: 'ஆன்டி' எல்லாம் எதிரியாகத் தெரிகிறது

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளின் பலகையெல்லாம் 'ஆன்டிக்' என்று சொல்கின்றன. 'ஆன்டிவைரஸ்', 'ஆன்டிசெப்டிக்' படித்துவிட்டு அங்கே போகிற பிள்ளைக்கு இதில் என்ன எதிர்ப்பு என்று புரியாது. எதிர்ப்புக்கு வருவது கிரேக்க 'ஆன்டி'. ஆன்டிக் வந்தது லத்தீனில் முன்னால் என்று பொருள்தரும் 'ஆன்டே'யிலிருந்து. முன்னாளைய பொருள், பழம்பொருள். எனாமல் தூக்குச்சட்டியும் பீங்கான் ஜாடியும் அடுக்கி வைத்த அந்த அலமாரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அதே ஆன்டே நம் கடிகாரத்திலும் இருக்கிறது. காலை நேரத்தைக் குறிக்கும் ஏ.எம். என்பதில் ஏ அதுதான், நண்பகலுக்கு முன். 'ஆன்டிசிபேட்' என்றால் முன்கூட்டியே எதிர்பார்ப்பது, அதிலும் முன்தான்; எழுத்து மட்டும் இ-யிலிருந்து ஐ-ஆக மாறிவிட்டது. சோதனை சுலபம்: ஆன்டியை எடுத்த பிறகு, எதிர்க்கப்படும் பொருள் ஒன்று பெயரோடு நிற்கிறதா பாருங்கள். வைரஸ் நிற்கிறது. 'க்' நிற்கவில்லை.

கோளாறு: சொந்தக்காரர் என்கிறார்கள், எழுத்து ஒத்துப்போகவில்லை

இது தலைகீழ்க் கோளாறு, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். லத்தீனில் தலைக்கு 'காப்புட்'. அதிலிருந்து 'கேப்பிட்டல்': தலைநகர், தலைப்பெழுத்து, தொழிலுக்குப் போடும் முதல். 'கேப்டன்' தலைவர். இவை கண்ணுக்கே தெரியும். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது சி என்ற எழுத்து சி-எச் ஆனது. 'சாப்டர்' என்றால் குட்டித் தலை. புத்தகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருந்த தலைப்பு. 'சீஃப்' தலைவர். நம் சட்டைப் பையில் இருக்கும் 'கர்ச்சீப்' இருக்கிறதே, அது பழைய பிரெஞ்சில் தலையை மூடும் துணி. கையில் வைத்துக்கொள்வதற்கு 'ஹேண்ட்' சேர்த்தார்கள்.

'கேட்டில்', அதாவது மாடுகள், இதே கேப்பிட்டலின் உருமாறிய பிள்ளை. உடைமையைக் குறித்த சொல் கால்நடையில் வந்து நின்றது. பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்பதை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எழுத்துக்கூட்டை மட்டும் பார்க்கிறவர் இங்கே சி-ஏ-டி பூனையைத்தான் பார்ப்பார்.

'கேப்' என்ற துண்டிலேயே இன்னொரு வீடும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கேப்சர்' பிடிப்பது, 'கப்பாசிட்டி' கொள்ளளவு. இவை பிடித்தல், எடுத்தல் என்ற வேறு லத்தீன் சொல்லின் வழி. தலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

எம்-ஏ-என் விஷயமும் இப்படித்தான். 'மேனுவல்', 'மேனுஸ்கிரிப்ட்', 'மேனுஃபேக்சர்' இவற்றில் ஆண் யாரும் கிடையாது, லத்தீனில் கை. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதை ஒருமுறை பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. தொடக்கம் முதல் முடிவு வரை கைதான். 'மேனுஃபேக்சர்' என்ற சொல்லின் முதல் அர்த்தம் அதுவே: கையால் செய்வது. இயந்திரம் பிற்பாடு வந்தது.

கோளாறு: எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஊருக்கு ஒன்று

ஓ-யு-ஜி-எச். இருந்தாலும் என்ற பொருளில் 'தோ', வழியாக என்பதற்கு 'த்ரூ', கடினத்துக்கு 'டஃப்', இருமலுக்கு 'காஃப்', மரக்கிளைக்கு 'பௌ', எண்ணத்துக்கு 'தாட்', முழுமையாக என்பதற்கு 'தரா'. இதில் விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முன்காலத்தில் அந்த ஜி-எச் தொண்டையிலிருந்து வரும் ஒரு காற்றொலியாக உச்சரிக்கப்பட்டது. பிறகு சில வார்த்தைகளில் அது மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது, உயிரொலிகளும் இடம் மாறின. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல ஒரு வடிவத்தில் உறைந்துவிட்டது, வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. ஒலி ஒத்தவற்றைச் சேர்த்துப் படிப்பதுதான் வழி: 'டஃப்', 'ரஃப்', 'இனஃப்' ஒரு வரிசை, 'தாட்', 'பாட்', 'பிராட்' இன்னொரு வரிசை. டி-யில் முடிந்தால் பெரும்பாலும் 'ஆட்' என்று வரும், அது ஒன்றுதான் நம்பத்தக்க அடையாளம்.

கோளாறு: துண்டே தற்செயல்

'கார்பெட்'டில் காரும் இல்லை, செல்லப்பிராணியும் இல்லை. 'செப்பரேட்' என்ற வார்த்தையின் நடுவில் எலி இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது எழுத்துப்பிழை வராமல் இருக்க நல்ல உபாயம், தாராளமாகச் செய்யுங்கள். அர்த்தம் கேட்கும்போது மட்டும் அந்த எலியைக் கூப்பிடக் கூடாது.

எந்தச் சோதனைக்கும் மசியவில்லை என்றால்

அகராதியைத் திறக்க வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளைகளின் குட்டி அகராதிகளில் சொல்லின் பிறப்பு இருக்காது. கொஞ்சம் பெரியது வேண்டும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஒரு வரி இருக்கும். எல் என்றால் லத்தீன், ஜி-கே என்றால் கிரேக்கம், ஓ-எஃப் என்றால் பழைய பிரெஞ்சு, ஓ-இ என்றால் பழைய ஆங்கிலம். கைப்பேசியில் பார்ப்பதானால் ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி என்ற இலவசத் தளம் இருக்கிறது. 'பிறப்பு உறுதியில்லை' என்று அகராதியே போட்டிருந்தால் அதை மதித்து நிறுத்திவிடுங்கள், சொந்தக் கதை கட்ட வேண்டாம்.

நோட்டில் எழுதும்போது அகரவரிசையில் எழுதாமல் கோயில் வாரியாகப் பக்கம் ஒதுக்குங்கள். தலைக்கு ஒரு பக்கம், கைக்கு ஒரு பக்கம், காலுக்கு ஒரு பக்கம். 'கேப்', 'பெட்', 'எலக்ட்' மாதிரி இரண்டு வீட்டில் தலைகாட்டும் துண்டு வந்தால், இரண்டு பக்கத்தின் மேலும் அதை எழுதி, எதிர்ப்பக்கத்தின் எண்ணைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அந்தச் சிவப்பு எண்கள் இருக்கும் பக்கங்களை மட்டும் புரட்டினால் போதும்.